குகைக்கும் அத்தித் தடை வாங்கித் தந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்ச்சபைத் தலைவர் அமெஸியான் அவர்களே, துஆ ஓதித் தந்த இமாம் அவர்களே, கடல் தாண்டி மார்செயிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, கூஸ்கூஸ் வேகும் அண்டாவின் மேல் ஒரு கண்ணும் என் மேல் ஒரு கண்ணுமாக வாசலில் நிற்கும் பெண்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும்.

லல்லா ஜுஹெர் அம்மையார் மறைந்து இன்று நாற்பதாம் நாள். அழுவதற்கு நான் மேடை ஏறவில்லை. எழுபது வயது கடந்து, தன் வீட்டில், தன் கட்டிலில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நினைத்ததை முடித்துவிட்டுப் போனார். அப்படிப் போகும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதனால் நிறைந்த மனத்தோடுதான் பேசுகிறேன்.

நம் பள்ளியில் அவர் புவியியல் ஆசிரியை, நான் கணித ஆசிரியை. ஊருக்கு மேலே தேவதாருக்கள் முடியும் இடத்தில் இருக்கும் இஃப்ரியை நாம் அறிவோம். குகை என்று அறிவோம், அவ்வளவுதான். அரக்கி தெரியெல் அங்கே குடியிருக்கிறாள் என்று சொல்லித்தான் நமக்கெல்லாம் சோறு ஊட்டினார்கள். எந்த வரைபடத்திலும் அது இல்லை. அதை அளந்தவர் யார்? லல்லா ஜுஹெர். அதன் கூரையில் தொங்கும் எலிக்காது வௌவால்களை உலகுக்குச் சொன்னவர் யார்? லல்லா ஜுஹெர். பணி ஓய்வு பெற்ற மறுவாரமே என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"செக்கூரா, கெளம்பு. தெரியெல் வீட்டை அளக்கப் போறோம்."

"அவ வீட்ல இருந்தா என்ன லல்லா பண்றது?"

"இருந்தா டேப்போட அந்த முனைய அவ பிடிச்சுக்கட்டும். நீ வர வேண்டாம்."

போகாமல் இருக்க முடியுமா? போனேன். சேற்றில் தவழ்ந்தோம். அவர் அளப்பார், நான் கணக்குப் போடுவேன், அவர் நம்பாமல் மறுபடி அளப்பார். "இரண்டு டீச்சருக்கும் புத்தி பிசகிவிட்டது" என்று நீரூற்றடியில் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இளவேனிலில் தாய் வௌவால்கள் பிள்ளை பெறுவதற்கென்றே அங்கு கூடுகின்றன, ஒரு தாய்க்கு ஒரே குட்டி என்று அவர் கண்டறிந்த நாளில், தனக்கே பேத்தி பிறந்தவர்போல வீடு வீடாகப் போய்த் தேன் பணியாரம் கொடுத்தார்.

குகையைப் பார்க்க அல்ஜியர்ஸிலிருந்து இரண்டு வல்லுநர்கள் வருவதாகக் கடிதம் வந்தது. அவர்களை அழைத்து வர லல்லா நகரத்துக்குப் போனார். விருந்தாளி வருகிறார் என்றால் நம் ஊர் என்ன செய்யும்? கூடி வேலை செய்யும். சுண்ணாம்பு அடிக்கும். தூய்மையான ஊர் என்று பரிசு வாங்கிய ஊர் அல்லவா நாம்! தூய்மைக் குழுத் தலைவர் அண்ணன் ரெஸ்கி, இதோ முன் வரிசையில்தான் இருக்கிறார், ஊரையே திரட்டினார். வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். குகைத் தரையில் கிடந்த வௌவால் எச்சத்தைப் பெருக்கித் தள்ளினார்கள். ஏணி எட்டிய மட்டும் வெள்ளை அடித்தார்கள். வரிசையாக விளக்கு மாட்டினார்கள். வாசலில் கம்பளம் விரித்து எலுமிச்சைச் சாறும் வைத்தார்கள்.

லல்லா வல்லுநர்களோடு வந்து பார்த்தார். கூரையில் ஒரு வௌவால்கூட இல்லை. பெருக்கி ஒதுக்கிய குப்பையில் இன்னும் கண் திறக்காத குட்டிகள் கிடந்தன. அவர் கம்பளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"என்ன லல்லா, வெள்ளை பத்தலையா?" என்று பாவம், அண்ணன் ரெஸ்கி கேட்டார்.

"பிள்ளை பெத்தவ படுத்திருக்கிற அறையில போய் யாராவது வெளக்குமாத்த எடுப்பாங்களாடா ரெஸ்கி? ஒங்க அம்மா எடுக்க விட்டிருப்பாளா?"

அண்ணன் தலை கவிழ்ந்தது. ஊரே தலை குனிந்தது. நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று நாங்கள் எல்லோரும் வெந்து போனோம்.

வேறொருவராக இருந்தால் ஊரோடு பேச்சை முறித்துக்கொண்டிருப்பார். லல்லா என்ன செய்தார்? அடுத்த வெள்ளிக்கிழமை நேரே சபைக்கு வந்தார். அத்திப்பழம் கனியும் முன்னே யாரும் தோப்பில் கை வைக்கக் கூடாது, சொந்த மரத்தில் பறித்தாலும் அபராதம் என்று நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தடை உண்டல்லவா? அந்தத் தடையைக் குகைக்கும் போடுங்கள் என்றார்.

"வேலியா போடணும், காவலா போடணும்? எதுனாலும் ஊரு செய்யும் லல்லா" என்றார் தலைவர்.

"ஒண்ணுமே செய்ய வேண்டாம். இந்த ஊரு ஒரு தடவையாச்சும் சும்மா இருந்து காட்டட்டும். அவ்வளவு போதும்."

சபை சிரித்தது. சிரித்தபடியே தீர்மானம் போட்டது: மொச்சை பூக்கும் நாள் தொடங்கி அத்தித் தடை நீங்கும் நாள் வரை இஃப்ரிப் பக்கம் யாரும் போகக் கூடாது. "நானும்தான்" என்று அவரே தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

முதல் கோடை வெறுமையாகப் போனது. இரண்டாவதும் போனது. இனி வராது என்று நானே நம்பிவிட்டேன். லல்லா அண்ணன் ரெஸ்கியின் மொட்டை மாடியில் உட்கார்ந்து, தூரத்துக் குகை வாயை அந்திதோறும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கோடையில் ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல், மாடிக்கு வரவில்லை. அன்று அண்ணன் ரெஸ்கி செருப்பு போடாமல் ஓடி வந்தார்.

"லல்லா, எந்திரிங்க. வந்துருச்சு. குகையிலேர்ந்து புகை மாதிரி வருது லல்லா!"

காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு மாடி ஏறினார். வானத்தில் அவை கரைந்து முடியும் வரை பார்த்தார். பிறகு அண்ணனின் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். "ஒன்னை மன்னிச்சுட்டேன்டா. ஆனா சுண்ணாம்பு வாளிய என் வீட்ல கொண்டாந்து வச்சுடு" என்றார். அந்த வாளி இன்றும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. அந்தக் குகை இன்று நாட்டின் வரைபடத்தில் இருக்கிறது. வௌவால்கள் ஆண்டு தவறாமல் வருகின்றன. இதைவிட ஒரு வாழ்வுக்கு என்ன வேண்டும்?

ஆனால் போன வாரம் சபைக்கு ஒரு யோசனை வந்தது. லல்லாவின் பெயர் பொறித்த சலவைக்கல் செய்தாயிற்று, நாற்பதாம் நாளான இன்றே ஊர்வலமாகக் கொண்டுபோய்க் குகை வாசலில் பதிக்கலாம், நான்கு விளக்கும் போடலாம் என்று. யோசனை சொன்னவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவர் முன் வரிசையில் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்.

அண்ணே, உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. எனக்கும் கால் அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. ஆனால் இது எந்த மாதம்? குட்டிகள் கூரையில் தொங்கும் மாதம். தாய்மார்கள் பால் கொடுக்கும் மாதம். அத்தி இன்னும் காயாகத்தான் இருக்கிறது.

ஆகவே சபையின் சார்பில் உங்கள் முன் உறுதி சொல்கிறேன். கல் பள்ளிக்கூடத்திலேயே இருக்கும். தடை ஆண்டுதோறும் தொடரும். குகையை மறுபடி அளக்கும் வேலையை, குட்டிகள் பறந்து போன பிறகு, டேப்போடு நானே தொடர்வேன். இப்போது எல்லோரும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போங்கள். லல்லாவின் மீதுள்ள பாசம் தாங்காமல் இன்று யாராவது மேல் பாதையில் ஏறினால், அவருக்கு அபராதம் உண்டு.