கோர்ப்சுண்டில் நின்றுபோன எஞ்சின்

கதவை இழுத்துச் சாத்திவிட்டு அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். இந்தக் காற்றில் கரண்ட் இப்போதைக்கு வராது. இது எனக்கு நடந்ததில்லை. மீன் ஆலையில் என்கூட வேலை பார்க்கிற ஆர்ன்ஃபின்னின் சித்திக்கு நடந்தது. குன்வோர் என்று பெயர்.

மத்தியானம் மூன்று மணி. அக்டோபர் கடைசி. வெளிச்சம் அப்போதே வடிய ஆரம்பித்திருந்தது. கோர்ப்சுண்ட்... இரண்டு பாறைத் தீவுகளுக்கு நடுவே ஓடும் ஒடுக்கமான கடல். கரையில் வீடு கிடையாது, விளக்கு கிடையாது. அதற்குள் ஒரு சின்னப் படகு போகிறது. பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு குன்வோர். நடுவில், பெட்ரோல் டேங்கைக் கால்களுக்கு இடையே வைத்துக்கொண்டு அவள் கொழுந்தன் ஹால்வார்ட். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்கு முந்தின குளிர்காலத்தில் அதே படகில்தான் குன்வோரின் புருஷன் ஐலிஃப் போனான். திரும்பவில்லை. படகு மட்டும் இதே கோர்ப்சுண்டுப் பாறையில் முட்டிக்கொண்டு கிடந்தது. உடம்பு கிடைக்கவே இல்லை. டேங்கில் பெட்ரோல் இருந்தது. ஆனால் டேங்க் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் திருகு இருக்குமே... அது இறுக மூடியிருந்தது. அதைத் திறக்காமல் போனால் டேங்குக்குள் காற்று போகாது. எஞ்சின் கொஞ்ச தூரம் ஓடும். பிறகு பெட்ரோலை இழுக்க முடியாமல் இருமி... நின்றுவிடும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பழைய எஞ்சினோடேயே வயசைக் கழித்த ஐலிஃப் அதை மறப்பானா?

சாவுக்கு வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஹால்வார்ட் எழுந்து நின்று கேட்டான்.

"அன்னிக்குக் காலையில இவங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. அதுக்கப்புறம் படகுக் கொட்டகைக்குள்ள போனது யாரு? அண்ணியையே கேளுங்க."

அவ்வளவுதான். அதன்பிறகு யாரும் அவள் வீட்டுப் படி ஏறவில்லை. கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். குன்வோருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வசந்தம், கோடை இரண்டும் அதை வைத்துக்கொண்டே கிடந்தாள். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் நேராகப் போய் ஹால்வார்ட் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உன் கண்ணு முன்னாடி அந்த எஞ்சினைப் பிரிக்கிறேன். நின்னு பாரு. அப்புறம் அதே இடத்துக்கு ரெண்டு பேரும் போவோம், எஞ்சின் நிக்குதான்னு நீயே பாரு. என்ன, பயமா இருக்கா?"

வந்தான். கையைக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான். அவள் டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலைக் கொட்டினாள்... வார்னிஷ் மாதிரி நாறியது. புதுசு ஊற்றினாள். வெடிப்பு விட்ட ட்யூப் வழியாகக் காற்று புகும் என்று அதை மாற்றினாள். ட்யூப் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழையும் மாற்றினாள், அதை அமுக்கித்தானே முதலில் பெட்ரோலை ஏற்ற வேண்டும். ஃபில்டரை மாற்றினாள். கார்புரேட்டரைக் கழற்றி, அழுக்கைத் துடைத்து, துவாரங்களில் வாய் வைத்து ஊதினாள்.

"எங்கண்ணன் உங்களை இதைத் தொடவே விட்டதில்லையே. எங்க கத்துக்கிட்டீங்க?"

"அவரு என்னைத் திட்டிக்கிட்டே ரிப்பேர் பண்ணுவாரு. வெளக்குப் பிடிச்சவ நான். கத்துக்காம என்ன செய்யறது?"

கடைசியில் காற்றுத் திருகைத் தளர்த்தினாள்.

"தொறந்திருக்கா? வாயைத் தொறந்து சொல்லு."

"தொறந்திருக்கு."

கயிற்றை ஒரே இழுப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கோர்ப்சுண்டுக்குள் நுழைகிறவரை ஒரு பிசிறு இல்லை. பெரிய பாறையின் நிழல் படகின் மேல் விழுந்தது... எஞ்சின் ஒரு தரம் இருமியது. இன்னொரு தரம். நின்றுவிட்டது.

பாறையடியில் தண்ணீர் மட்டும்... களக்... களக்...

குன்வோர் குனிந்து ரப்பர் குமிழைப் பிடித்தாள். சப்பையாக ஒட்டிக் கிடந்தது. அது எதனால் என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஹால்வார்ட் டேங்கைப் பார்த்தான். திருகு இறுக மூடியிருந்தது.

"எப்ப மூடினீங்க அண்ணி?"

"நான் மூடினேனா? டேங்க் யாரு காலுக்குள்ள இருக்கு?"

"என்னைச் சொல்றீங்களா?"

"வேற யாரைச் சொல்ல? படகுல மூணாவது ஆளா இருக்கு?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு திருகைத் திறந்தான். ஸ்ஸ்ஸ்... என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. குமிழ் மெல்ல உப்பியது. எஞ்சின் மறுபடி பிடித்தது. இந்தத் தடவை ஹால்வார்ட் திருகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். ஒரு வாடை வந்தது. பெட்ரோல் வாடை இல்லை. நனைந்த கம்பளி வாடை. இரண்டு பேரும் போட்டிருந்தது ரப்பர் கோட்டு.

"அண்ணி..."

"என்ன?"

"இது சுத்துது."

"எது?"

"நான் சுத்தல, அண்ணி. நான் பிடிச்சு நிறுத்துறேன்... அது சுத்துது."

ஹால்வார்ட் வலை இழுத்தே காய்த்துப்போன கைக்காரன். இரண்டு கையாலும் பிடித்தான். திருகு நிதானமாக, அவசரமே இல்லாமல், அவன் விரல் தோலை உரித்துக்கொண்டு சுற்றியது. அடிவரை போய் இறுகியது. எஞ்சின் நின்றது. நீரோட்டம் படகைப் பாறைப் பக்கம் தள்ள ஆரம்பித்தது.

ஹால்வார்ட் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னான். குன்வோருக்குப் பயம் வரவில்லையாம். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் தலைக்கு ஏறியதாம். ஆடுகிற படகில் எழுந்து நின்றாள்.

"நீதானாய்யா மூடினே? அன்னிக்கும் நீயேதானா? ஊரே என்னைக் கொலைகாரியாப் பாக்குது. உன் தம்பி சாவு வீட்டுல எல்லார் முன்னாடியும் என்னைக் கேக்குறான். நீ இங்க உக்காந்து திருகிக்கிட்டு இருக்கே. கையை எடு. எடுய்யா கையை."

அவள் குனிந்து டேங்க் மூடியையே திருகோடு சேர்த்துக் கழற்றினாள். அதுவும் சுலபத்தில் வரவில்லை, எதிர்ப்பக்கம் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்ததாம். பிடுங்கி, கடலில் வீசினாள்.

"இப்ப எதை மூடுவே?"

மூடி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

குமிழை அமுக்கினாள். கயிற்றை இழுத்தாள். பாறைக்கு ஒரு முழம் இருக்கும்போது எஞ்சின் பிடித்தது. திறந்த டேங்கிலிருந்து பெட்ரோல் தளும்பித் தளும்பி ஹால்வார்டின் கால்சட்டையை நனைத்தது. அவன் நகரவே இல்லை.

மறுநாள் அவன் கடைக்குப் போய் எல்லார் முன்னாலும், "அண்ணி மூடல" என்றான். அப்போ யாரு மூடினது என்று கேட்டார்கள். கட்டுப் போட்ட விரல்களைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அதன்பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் வாஃபிள் சுட்டு எடுத்துக்கொண்டு குன்வோர் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை. "இப்ப என்ன வேண்டியிருக்கு?" என்று உள்ளிருந்தே கேட்டாளாம்.

வீட்டை விற்றாள். படகையும் எஞ்சினையும் தூரத்து ஃபியோர்டுக் கரை ஊர்க்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டாள். டேங்குக்குப் புது மூடி போடுங்கள் என்பதைத் தவிர அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடலே கண்ணில் படாத இடமாகப் பார்த்து, நகரத்தில் மாடி வீடு ஒன்றுக்குக் குடிபோனாள்.

வசந்தத்தில் ஒரு நாள் ஆர்ன்ஃபின் அங்கே உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. படகு வாங்கியவர். கை வேலையாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அவன் காதாலேயே கேட்டிருக்கிறான்.

"எஞ்சின் பிரமாதமா ஓடுதுங்க, ஒரு குறையும் இல்ல. எஞ்சின் கூடவே வந்தவருதான்... உங்க புது வீட்டுக்கு வழி கேட்டுக்கிட்டே இருந்தாரு. நேத்து சொல்லிட்டேன். வந்து சேர்ந்துட்டாரான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

குன்வோரின் கழுத்து கோபத்தில் சிவந்து வந்ததை ஆர்ன்ஃபின் பார்த்தான்.

"இன்னும் வரல," என்றாள். "வரட்டும்."

அன்றிலிருந்து சித்தி வாசல் கதவைப் பூட்டுவதில்லை என்கிறான்.