யஹ்யா கையைக் கட்டிய இடம்

"குனி. குனி. குனி."

யஹ்யா வண்டியை ஓட்டிக்கொண்டே அரபியில் கத்துகிறான். நான் ஆம்புலன்ஸின் தரையில் கிடக்கிறேன். கன்னம் இரும்பில் ஒட்டியிருக்கிறது. வியாழக்கிழமை. காலை ஆறு இருபது. ஏமன் நாட்டின் ஏடன் நகரம்.

முதலில் ஒரு சீழ்க்கை. நீளமானது. பிறகு ஒன்றும் இல்லை. எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று சொல்வதற்குள் தரை எழும்பி முகத்தில் அடிக்கிறது. ஜன்னல் கண்ணாடி உள்ளே கொட்டுகிறது. எனக்குப் பின்னால் கேரளத்து நர்ஸ்கள் இரண்டு பேர். ஒருத்தி மாதாவைக் கூப்பிடுகிறாள். இன்னொருத்தியிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

வண்டி நிற்கவில்லை. யஹ்யா நிறுத்தமாட்டான். நின்ற வண்டிதான் முதலில் எரியும் என்பான்.

துறைமுகத்துக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப்போக ஒரு கப்பல் வந்திருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிவரை நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதைப் பிடிக்கத்தான் போகிறோம். யஹ்யாவுக்குக் கப்பலில் இடம் கிடையாது. அவன் அந்த நாட்டுக்காரன். எங்களைக் கொண்டுபோய் விடுவதற்காக மட்டும் வருகிறான்.

என் பெயர் சாகுல் ஹமீது. மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பிறந்தவன். அத்தா சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். நான் எக்ஸ்ரே படித்தேன். ஏடனில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. 2015-இல் சண்டை நகரத்துக்குள் வந்தது.

வடக்கிலிருந்து ஒரு படை இறங்கி வந்தது. நகரத்து ஆட்கள் தெருத்தெருவாகத் தடுத்தார்கள். மேலே விமானங்கள். பதவிச் சண்டை, நாட்டுச் சண்டை, பக்கத்து நாடுகளின் சண்டை, எல்லாம் அதில் இருந்தது. ஆனால் தெருவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். நீ யார்? ஸுன்னியா, அவனா?

அவன் என்றால் ஸைதி. ஷீஆவில் ஒரு பிரிவு. வடக்கு மலைகளில் அதிகம். யஹ்யா ஸைதி. அவன் மனைவி பில்கிஸ் ஏடன்காரி, ஸுன்னி. கல்யாணம் ஆகி ஒன்பது வருடம். சண்டைக்கு முன் அந்த ஊரில் யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசி நான் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொல்லவேண்டும். மாலை நாலு பத்து. மருத்துவமனை முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி. நபீல் வாளியோடு போனான். ஆண் நர்ஸ். உள்ளூர்க்காரன். ஸுன்னி. அன்றைக்குச் சீழ்க்கைகூட வரவில்லை. ஒரு தட்டல், கதவை அறைந்தது மாதிரி. வாளி சுவருக்கு அப்பால் கிடந்தது. ஷெல் வந்தது வடக்குப் படை பிடித்திருந்த மேட்டிலிருந்து. அதில் சந்தேகம் இல்லை. எழுதிவைக்கிறேன்.

நபீலுக்குக் குழி தோண்டியது யஹ்யா. ஜனாஸா தொழுகையில் என் பக்கத்தில் நின்றான். அவன் கை தொங்கிக்கொண்டிருந்தது. ஸைதிகள் தொழுகையில் கையைக் கட்டமாட்டார்கள். பக்கவாட்டில் விட்டுவிடுவார்கள். பின்னாலிருந்து யாரோ அதைப் பார்த்து முணுமுணுத்தான்.

தெரு முனைகளில் நகரத்துக் காவல்காரர்கள் ஆட்களைத் தொழச் சொல்லிப் பார்க்கிறார்கள் என்று புதன்கிழமை செய்தி வந்தது. கை தொங்கினால் தனியே கூட்டிப்போகிறார்கள் என்றார்கள். மதியம் யஹ்யாவை எக்ஸ்ரே அறைக்குள் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன்.

"என்னைப் பார். இப்படிக் கட்டு."

கட்டிக் காட்டினேன். அவன் சிரித்தான்.

"வயிற்றுவலிக்காரன் மாதிரி இருக்கு, சாகுல்."

"இருக்கட்டும். நாளைக்கு ஒருநாள் மட்டும்."

நாலு தடவை செய்யவைத்தேன். நாலாவது தடவை சரியாக வந்தது. நான் கட்டுவதைப்போலவே.

அங்கேதான் தவறு நடந்தது.

நாங்கள் ஹனபி. ஸுன்னிகளின் நாலு மத்ஹபுகளில், அதாவது சட்ட வழிகளில், ஒன்று. ராமநாதபுரத்திலிருந்து பினாங்குக்கு வந்த குடும்பம். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லித் தொப்புளுக்குக் கீழே கையைக் கட்டுவோம். ஏடன்காரர்கள் ஷாபிஈ மத்ஹப். நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே கட்டுவார்கள். பினாங்கு மலாய்க்காரர்களும் அப்படித்தான். எனக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். ஏடனில் ஒவ்வொரு ஜும்மாவிலும் அவர்கள் நடுவில்தான் நின்றேன். மூன்று வருடம் பார்த்தேன். இருந்தும் யஹ்யாவுக்கு என் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போகிற இடத்துக்குப் போனது.

வியாழன். ஆறு ஐம்பது. ரோட்டை மறித்து இரண்டு எண்ணெய் டிரம். நடுவில் ஒரு பழைய சோபா. நாலு இளைஞர்கள். நரைத்த தாடியோடு ஒரு பெரியவர்.

"இறங்கு. கையை மேலே தூக்கு."

நர்ஸ்களைப் பார்த்தார்கள். சிலுவையைப் பார்த்தார்கள். உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். என் சிவப்பு மலேசியப் பாஸ்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான் ஒருவன். யஹ்யாவின் அட்டையில் பிறந்த ஊர் இருந்தது. வடக்கு.

"பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன்" என்றான் யஹ்யா. "என் மனைவி இந்த ஊர்."

"தொழு. இரண்டு பேரும்."

ரோட்டில் நின்றோம். தண்ணீர் இல்லை. தொழுமுன் கைகால் கழுவுகிற ஒளூ இல்லை. நான் தக்பீர் கட்டினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். யஹ்யா கட்டியிருந்தான். நான் சொல்லிக்கொடுத்த அதே இடத்தில்.

ஒருவன் என்னிடம் வந்தான். துப்பாக்கி நுனியால் என் மணிக்கட்டைத் தட்டினான். "இது என்ன? ஏன் இவ்வளவு கீழே?" தொழுகையை விட்டுவிட்டுப் பதில் சொன்னேன். நான் ஸுன்னி. ஹனபி மத்ஹப். அவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. பெரியவருக்குத் தெரிந்தது. "இந்தியாப் பக்கத்தில் இப்படித்தான். இவனை விடு" என்றார்.

பிறகு யஹ்யாவைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். யஹ்யா தொழுகையின் இரண்டாவது சுற்றில், இரண்டாவது ரக்அத்தில் இருந்தான். உட்கார்ந்தான். தொழுகையை முடிக்க வலது பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தான். இடது பக்கம் திரும்புவதற்குள் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

"இவன் இந்தியாக்காரன் இல்லையே. இவனுக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?"

பெரியவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இவன் ஸுன்னியா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு சொல் போதும். அரபியில் மூன்றே எழுத்து. சொல்லவில்லை. வாய் உலர்ந்துவிட்டது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். வாய் உலரவில்லை. பயந்தேன். சொன்னால் என்னையும் சேர்த்து இழுப்பார்கள் என்று பயந்தேன்.

யஹ்யாவே பதில் சொன்னான். "முஸ்லிம்."

நீல வண்ணம் அடித்த சுவர். அதற்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். வண்டியை எடு என்றார் பெரியவர். எடுத்தேன். சாவி அதிலேயே இருந்தது. ஏழு நாலுக்கு இரண்டு வெடி. கொஞ்சம் விட்டு இன்னொன்று. திரும்பிப் பார்க்கவில்லை.

பினாங்கு.

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மனைவி மும்தாஜிடம், டிரைவர் ஷெல்லில் இறந்துவிட்டான் என்றேன். அப்படியே வைத்துக்கொண்டேன். பொது மருத்துவமனை ஒன்றில் வேலை. என்னால் ஒரு இடத்தில் உட்காரமுடியாது. பள்ளிவாசலில் கடைசி வரிசை, கதவுப் பக்கம். கையைக் கட்டும்போதெல்லாம் கொஞ்சம் மேலே நகர்த்துவேன். பிறகு கீழே. பக்கத்தில் நிற்பவர் முறைப்பார்.

ஒரு தைப்பூசம். பாகான் டாலாமிலிருந்து செல்வம் வந்திருந்தான். எக்ஸ்ரே அறையில் என்னோடு வேலை செய்கிறவன். தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கம் அவன் தங்கச்சி தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தாள். கூடமாட உதவிக்குப் போனேன். ரதம் வந்தது. ரோட்டில் தேங்காய் உடைக்க ஆரம்பித்தார்கள். ஒன்று. நூறு. ஒரே நேரத்தில். அடுத்து நினைவு வரும்போது சாக்கடைக்குள் கிடக்கிறேன். கை தலைமேல். செல்வம் வேட்டியோடு உள்ளே இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணும் இல்லண்ணே. தேங்காதான். மெதுவா எந்திரிங்க."

அன்றைக்கு முதல் தடவையாக முழுக்கச் சொன்னேன். செல்வத்திடம். ஈரச் சட்டையோடு அவன் கெரெட்டாவின் முன்சீட்டில் உட்கார்ந்து. அவன் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்:

"தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குள்ள என்னதான் வித்தியாசம்? எனக்குப் புரியல லா."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஸுன்னத் என்றால் நபியின் வழி. அந்த வழியில் போகிறோம் என்பவர்கள் ஸுன்னி. நபி மறைந்தபின் யார் தலைவர் என்று கேள்வி வந்தது. தோழர்களில் தகுதியானவரை ஏற்போம் என்றார்கள் ஒரு பக்கம். நபியின் குடும்பத்தில் அலீதான் என்றார்கள் இன்னொரு பக்கம். அவர்கள் ஷீஆ. ஸைதிகள் அவர்களில் ஸுன்னிகளுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பவர்கள். ஸுன்னிகளுக்குள் நாலு மத்ஹப். அதற்குள்ளும் கை கட்டுவது, ஆமீன் சத்தமாகச் சொல்வது, அஸர் என்கிற பிற்பகல் தொழுகையின் நேரம் என்று வேறுபாடு.

"குரான்?"

"ஒண்ணுதான்."

"கும்பிடுற திசை?"

"ஒண்ணுதான்."

வித்தியாசம் சின்னது என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சின்னது இல்லை. அதற்காக அழுதவர்கள், படித்தவர்கள், ஆயுள் முழுக்க வாதம் செய்தவர்கள் இருக்கிறார்கள். நானும் என் வழிதான் சரி என்று நம்புகிறவன். ஆனால் நீலச் சுவருக்குப் பின்னால் யாரும் வாதம் செய்யவில்லை.

வீட்டுக்குப் போய் மும்தாஜிடம் உண்மையைச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டு, "இவ்ளோ வருஷமா இத வச்சுக்கிட்டா சாப்பிட்டீங்க" என்றாள்.

இரண்டு வருடம் கழிந்தது. பள்ளிவாசலில் இளைஞர்களுக்கு ஒரு பயான், மார்க்கச் சொற்பொழிவு, ஏற்பாடு ஆனது. ஸுன்னி என்றால் யார், வழிதவறியவர்கள் யார் என்பது தலைப்பு. ஏற்பாடு செய்த ஜமால் வீட்டுக்கே வந்தார்.

"அண்ணே, நீங்க கண்ணால பார்த்தவரு. அந்த ஷீஆக்காரங்க என்ன செஞ்சாங்கன்னு பசங்களுக்குச் சொல்லணும்."

போனேன். சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு. நபீலைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி. வாளி. தலைகள் ஆடின. பிறகு யஹ்யாவைப் பற்றிச் சொன்னேன். தலைகள் நின்றன. ஜமால் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அந்தப் பகுதி வேணாமேண்ணே. ஷீஆவுக்குப் பரிஞ்சு பேசக்கூடாதுன்னு இங்க சட்டம் வேற இருக்கு. பசங்க குழம்பிடுவாங்க."

"ரெண்டும் நடந்துச்சு, ஜமால். ஒண்ண மட்டும் சொன்னா நான் சாட்சி இல்ல."

முன் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். "அப்ப நீங்க ஸுன்னியா இல்லையா?"

"ஸுன்னிதான். அன்னைக்கும் அதைச் சொல்லித்தான் உயிரோட வந்தேன்."

சில பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் முடியும்வரை இருந்தார்கள். யாரோ போனில் பதிவு செய்திருக்கிறார்கள். அது கைமாறிக் கைமாறிப் போனது. இங்கே படிக்கிற ஒரு ஏமன் மாணவனிடம் போய்ச் சேர்ந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது. ஊர்ப் பெயரும் யஹ்யா என்ற பெயரும் காதில் விழுந்திருக்கிறது. தமிழ் தெரிந்த தோழனை வைத்துக் கேட்டிருக்கிறான். அந்த மாணவன் பில்கிஸின் தம்பி.

மூன்று மாதத்தில் பில்கிஸ் வந்தாள். மகளோடு. தம்பியைப் பார்க்க வந்தேன் என்றாள். ஞாயிறு மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். மும்தாஜ் தேநீர் வைத்தாள். அது ஆறியது.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொடுத்ததை. கேட்டபோது வாய் திறக்காததை. அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"தொழுகையை முடித்தாரா?"

"வலது பக்கம் ஸலாம் கொடுத்தார். இடது பக்கம் விடவில்லை."

தலையை ஆட்டினாள். பிறகு ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். புதன்கிழமை வீட்டிலும் யஹ்யா பழகிப் பார்த்திருக்கிறான். கண்ணாடி முன்னால். இன்னும் மேலே கட்டு, என் அப்பா கட்டுவதைப்போல, என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவன் கேட்கவில்லை. சாகுல் காட்டியது இதுதான், அவன் தவறாகச் சொல்லமாட்டான் என்றானாம்.

நான் எழுந்துவிட்டேன். கூடத்திலிருந்து அடுக்களை. அடுக்களையிலிருந்து கூடம். எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. மும்தாஜுக்கு அரபி தெரியாது. ஆனாலும் பில்கிஸின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மன்னித்தேன் என்று பில்கிஸ் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்தாள். எந்தத் தெரு, எந்தச் சுவர், எந்தப் பக்கம், மணி என்ன, எல்லாவற்றையும் எழுது. உடலைத் தேடவேண்டும். அரபியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். தமிழில் எழுதுவது இங்கே இருப்பவர்களுக்காக.

இனி, கணக்கு.

நபீல். வயது இருபத்தொன்பது. செவ்வாய் மாலை நாலு பத்து. வடக்குப் படையின் ஷெல். அடக்கம் செய்தோம்.

யஹ்யா. வயது நாற்பத்தொன்று. வியாழன் காலை ஏழு நாலு. நகரத்துக் காவல்காரர்களின் துப்பாக்கி. உடல் இன்னும் கிடைக்கவில்லை.

நர்ஸ் ஒருத்தியின் இடது காது.

யஹ்யாவின் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அப்பாவின் குரல் நினைவில் இல்லை என்றாள்.

ஆம்புலன்ஸில் ஏறியவர்கள் நாலு பேர். துறைமுகம் போய்ச் சேர்ந்தவர்கள் மூன்று பேர்.