லண்டனில் விட்டு வராத குடலிறக்கம்

“உந்தக் குடலிறக்கத்தை லண்டனிலையே விட்டிட்டு வந்திருக்கவேணும்” என்றார், கோப்பாய் மினிபஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர். லண்டனில் வேலை செய்து, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவராம்.

“அங்கை வெட்டியிருந்தால் ஒரு சதமும் போயிராது. இஞ்சை பிரைவேட்டிலை கேக்கிற காசுக்கு வீடு வளவை விக்கவேணும். இன்சூரன்சும் இல்லை.”

“அதுதானே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போறம்” என்றார் பக்கத்தில் இருந்த மனைவி.

“பொது வாட்டிலையோ கிடக்கிறது?”

“லண்டனிலை முந்தி வருத்தம் வந்தபோதும் பொது வாட்டிலைதானே கிடந்தனீங்கள்?”

“அங்கை ஒருதரும் பாக்க வரேல்லை. இஞ்சை ஊர் முழுக்க வந்து நிக்கும்.”

“வரட்டுமன். தோடம்பழம் கொண்டு வருவினம்.”

பெரியவர் ஆஸ்பத்திரியடியில் பஸ் நின்றதும் மெல்லக் கேட்டார்:

“என்ரை நல்ல பிஜாமாவை எடுத்து வைச்சனீரோ?”