கல்லாகிப்போன சோடா மூட்டைகள்

எங்கள் களஞ்சியத்தில் ஒரு மூலையில் மட்டும் சோடாத்தூள் மூட்டைகள் கல்லாகிப்போய்விட்டன. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. முதலாளி இரவிச்சந்திரன் கூரையில் ஏறிப் பார்த்தார், ஒழுக்கு இல்லை. நான் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் குழாய் எதுவும் ஓடவில்லை. மற்ற மூட்டைகள் எல்லாம் மாவு மாதிரி இருக்க, அந்த மூலையின் அடிவரிசை மட்டும் அலவாங்குக் கம்பியால் இடித்தாலும் உடையவில்லை. சலவைத்தூள் செய்கிறவர்களுக்குப் போகிற சரக்கு அது. கட்டி பிடித்தால் வாங்கமாட்டார்கள். களஞ்சியப் பொறுப்பு என்னுடையது என்பதால் பல நாளாக இதே யோசனையாக இருந்தேன். இன்று காலையில்தான் விடை கிடைத்தது. கிடைத்த விடையைச் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு வராது. அதனால் நானாகவே லாசாலில் உள்ள வீட்டிலிருந்து பஸ் எடுத்து இங்கே வந்தேன்.

தங்கச்சி நிரஞ்சனி, நான் சொல்வதை இந்த அதிகாரிக்குப் பிரெஞ்சில் அவசரப்படாமல் ஆறுதலாகச் சொல்லுங்கள். முதலில் ஜெர்மனியில் நான் முன்பு வேலை செய்த சோடாத் தொழிற்சாலையிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது.

நூறு வருடத்துக்கு மேல் பழைய தொழிற்சாலை. ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரம். நிலத்துக்கடியில் உப்பு, பக்கத்துக் குன்றில் சுண்ணாம்புக்கல். இரண்டிலுமிருந்து சோடா வரவேண்டும்; ஆனால் அவை தாமாகச் சேராது. அம்மோனியா கல்யாணத் தரகர் மாதிரி நடுவில் நிற்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அம்மோனியாவைக் கரைப்பார்கள். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் எரித்தால் கரியமில வாயு வரும். உயரமான கோபுரத்துக்குள் மேலிருந்து அந்தத் தண்ணீர் இறங்க, கீழிருந்து வாயு ஏற, பால் திரைந்தது போல வெள்ளையாக ஒன்று படியும். அதை வடித்தெடுத்து, சுழலும் பீப்பாயில் வறுத்தால் சோடா. சூளையில் மிஞ்சிய சுண்ணாம்பைப் போட்டு அம்மோனியாவைத் திரும்பப் பிடித்துவிடுவார்கள். தரகர் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு, பாருங்கள்.

மனிதர்கள் விஷயத்தில் அவ்வளவு சிக்கனம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிழக்கிலிருந்து பிடித்துவந்தவர்களைச் சூளைக்குக் கல் கொட்ட விட்டார்களாம். தவறி விழுந்தவனை எடுக்க யாரும் போகவில்லை. கல்லோடு கல்லாக எரிந்தான். போர் முடிந்ததும் ரஷ்யர்கள் கோபுரங்களைக் கழற்றி ரயிலில் ஏற்றினார்கள். மிஞ்சிய இரும்பை ஒட்டவைத்து அரசாங்கம் மறுபடி ஓட்டியது. அந்தக் காலத்தில் ஒருவனுடைய சட்டைக்கை பீப்பாயின் பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. மெதுவாகச் சுற்றுகிற சக்கரம் என்பதால் அவனுக்குக் கத்த நிறைய நேரம் இருந்ததாம். பிறகு பெர்லின் சுவர் விழுந்தது. அகதிகளாகப் போன எங்களில் சிலரை அந்த ஊருக்கு அனுப்பினார்கள். மன்னாரிலிருந்து போன நானும் அம்புறோஸும் அங்கே வேலைக்குச் சேர்ந்தது அப்படித்தான்.

அங்கே ஒரு விதி உண்டு. சோடா கொட்டினால் துடைப்பத்தால் கூட்ட வேண்டும்; தண்ணீரைக் கிட்டக் கொண்டுவரக் கூடாது. தண்ணீரைக் கண்டால் சோடா அதை உள்ளே இழுத்துக்கொண்டு இறுகிவிடும். புதிதாக வருகிறவன் கையில் முதலில் கொடுப்பது துடைப்பம்தான். பிறகு கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்து இரவிச்சந்திரனிடம் இதை விளக்கியபோதுதான் அவர் களஞ்சியச் சாவியை என்னிடம் தந்தார்.

கோட்-டெ-நெய்ஜ் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஆட்கள் என்னைச் சுற்றி நிற்பார்கள். நீக்கிலாப்பிள்ளை என்ற என் பெயரை யாரும் சொல்வதில்லை. சோடா அண்ணை என்பார்கள். முன்கையில் உள்ள இந்தத் தழும்பைக் காட்டுவேன். சூளை வாயில் சறுக்கிய ஒரு ஜெர்மன்காரனை இழுத்தெடுத்தபோது பட்டது. என் மனைவி யோசெப்பின் அந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வாள். அந்தப் பெயர் இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் இன்னொரு கிழட்டு அகதி, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஐந்து கடைசியில் அம்புறோஸ் ஜெர்மனியை விட்டு இங்கே வந்தான். அவனைக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். கெட்டவன் இல்லை. பகிடிக்காரன், எல்லாரையும் சிரிக்கவைப்பான். மார்கழியில் நத்தார்ப் பண்டிகை கழிந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நிற்க, பஸ் ஓட்டுகிற றொக்சன் என்னிடம் சூளைக் கதையைக் கேட்டான்.

"என்ன சூளை?" என்றான் அம்புறோஸ். "அண்ணை எப்ப சூளைப் பக்கம் வந்தவர்? அவர் கன்ரீன் குசினியில சமைச்சவரெல்லோ. கையில இது சூப் அண்டா கவிண்ட காயம். அண்டைக்கு எங்களுக்கு சூப் இல்லாமல் வெறும் பாண்தான்."

"உண்மையோ அண்ணை?" என்று றொக்சன் அவனைக் கேட்டான்.

"அவரைக் கேளுங்கோவன். நாங்கள் சாப்பிட வரேக்க கரண்டியோட நிண்டு கேப்பார், அந்தக் கோபுரம் என்ன செய்யுது, இந்தக் குழாய் எங்க போகுது எண்டு. சொல்லாட்டி இறைச்சித் துண்டு குறையும்."

"அப்ப இனி சூப் அண்ணை எண்டெல்லோ கூப்பிட வேணும்," என்றான் றொக்சன்.

எல்லாரும் சிரித்தார்கள். யோசெப்பின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவளுடைய தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

நான் கோபப்படவில்லை. ஒரு இயந்திரம் பிழையாக ஓடினால் எந்தப் பாகம் பிழை என்று பார்க்க வேண்டும். பாகம் அம்புறோஸ் என்று தெரிந்தது. அதன் பிறகு பூசைக்குப் போன இடமெல்லாம் சூப் அண்ணை. தை மாதக் கடைசியில் இரவிச்சந்திரன், "அண்ணை, சாவி அம்புறோஸிட்ட இருக்கட்டுமே, அவருக்கெல்லோ சரக்குத் தெரியும்," என்றார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் களஞ்சியத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அந்த மூலையில் தரை கொஞ்சம் தாழ்வு; இடம் போதாமல், அடியில் பலகை போடாமலே மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "நாளைக்குப் பூசை முடிய, பகிடிக்குச் சொன்னனான் எண்டு எல்லாருக்கும் சொல்லிவிடு."

"சொல்லுறன் அண்ணை, சொல்லுறன். பேந்து நீங்கள் எங்களுக்கு ஒரு நல்ல சூப் வைக்க வேணும்," என்று சொல்லி, அடுத்த மூட்டையைத் தூக்கக் குனிந்தான்.

அலவாங்கு கிட்ட இருந்தது. முதல் அடி தோளில் பட்டது. அது என் பிழை; கனமான கம்பியை நுனியில் பிடித்தால் குறி தப்பும். கையை நடுவுக்கு நகர்த்தினேன். அடுத்தது தலையில் சரியாக விழுந்தது. அவன் மூட்டையைப் பிடித்து எழும்பப் பார்த்தான். மூட்டை கிழிந்து முகத்தில் கொட்டியது. "அண்ணை, கண் எரியுது," என்றான். மண்டை பிளந்தவன் கண்ணைப் பற்றி முறையிட்டது எனக்கு விசித்திரமாகப் பட்டது. உலர்ந்த தோலில் சோடா அவ்வளவாகச் செய்யாது, ஈரம் உள்ள இடத்தில்தான் எரிக்கும் என்று அவனுக்கு விளக்கினேன். கேட்டானோ தெரியாது. பிறகு அவன் அசைவு நிற்கும்வரை அடித்தேன். விலா எலும்பு உடைகிற சத்தம் பெரிதாக இருக்காது. ஈரத் துணிக்குள் சுற்றிய தடி முறிவது போல மந்தமாக இருக்கும்.

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. தண்ணீர் வேண்டுமானால் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சரக்குத் தூக்கும் வண்டியில் ஏற்றி, பின்பக்கத்துப் பனிமேட்டுக்குள் அவனைத் தள்ளி மூடினேன். சித்திரையில் பனி உருகி, பொலிஸ்காரர் நீங்கள் அவனை எடுத்தபோது, பனி அள்ளும் இயந்திரம் மோதியிருக்கும் என்று முடிவு செய்தீர்கள். எலும்புகள் இருந்த நிலைக்கு அது நியாயமான முடிவுதான். களஞ்சியச் சாவியும் மறுபடி என்னிடமே வந்தது.

இனி மூட்டைகளுக்கு வருகிறேன். தரை முழுக்க இரத்தம். சோடாவில் வேலை செய்த ஒருவன் என்றால், உலர்ந்த தூளை அதன் மேல் கொட்டி, உறிஞ்சவிட்டு, துடைப்பத்தால் கூட்டி அள்ளியிருப்பான். அம்புறோஸ் அப்படித்தான் செய்திருப்பான். துடைப்பம் கதவடியில்தான் நின்றது. என் கண்ணில் படவில்லை. கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. கூரையையும் குழாயையும் இத்தனை நாள் ஆராய்ந்தபோதும் அந்தக் கைகளை நான் சந்தேகிக்கவில்லை. சோடாக்காரன் தண்ணீர் ஊற்றுவானா? இன்று காலை யோசெப்பின் பெரிய சட்டியில் சுடுதண்ணீர் விட்டு, சோடா தூவி, தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த முறையைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

அதிகாரி எழுதிக்கொள்ளட்டும். அந்த மூலையில் அம்புறோஸை அடித்துக் கொன்றுவிட்டு, தொழிற்சாலைக் குசினியில் சூப் அண்டா கழுவுகிற மாதிரியே நான் வாளி வாளியாகச் சுடுதண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்தேன். அந்தத் தண்ணீர் தாழ்வான பக்கம் ஓடி அடிவரிசைக்குள் ஊறியதால்தான் மூட்டைகள் கல்லாயின.