நகராட்சிக் கூடத்தில் ஒரே வரிசை

எதிர்த்துப் பேசுகிறவளையும் முழுவதும் பேசவிட்டுக் கேட்கும் அவைத்தலைவர் அவர்களே! ஏச்சும் பேச்சும் எத்தனையோ கண்டு, இன்னமும் இந்த ஊரை விட்டுக்கொடுக்காத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, நெஞ்சின் அனலை அணைக்க முடியாமல் வந்தமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சைக்கிள்களில் சாய்ந்து நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! அனைவரையும் இந்த மருந்துக்கடைக்காரி கைகூப்பி வணங்குகிறேன்.

என்ன சிரிக்கிறீர்கள்? மருந்துக்கடைக்காரி பேசினால் கசக்கத்தானே செய்யும்? இன்று எனக்கே கசக்கிறது. என் தாயைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. வீட்டில் அழ வேண்டியவள் மேடையில் நிற்கிறேன்.

நாளைக் காலை நகர்மன்றம் கூடுகிறது. நகராட்சிக் கூடத்தில், நம் வரலாற்று ஆவணங்கள் தொங்கும் சுவரில், ஒரு மதத்தின் மறைநூல் பக்கம் ஏற்கெனவே தொங்குகிறது. பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருக்கிறது. அதில் மற்ற மதத்தின் மறைநூலையும் மாட்டிவிட்டால் சமமாகிவிடும் என்கிறார்கள். சமமா? சரி, கேட்கிறேன். அந்த ஆணி எப்படிக் காலியானது? அதில் என்ன தொங்கியது? யார் எடுத்தார்கள்?

கடைவீதி எரிந்த ஆண்டை இளையவர்கள் அறியமாட்டீர்கள். இருபுறமும் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டே எரித்தார்கள். வடக்குத் தெருவில் என் அண்ணன் விழுந்தான். தெற்குத் தெருவில் இன்னொரு தாயின் ஒரே மகன் விழுந்தான். என் அண்ணன் ஒரு மதம், அந்தப் பிள்ளை இன்னொரு மதம். ஆனால் இருவர் சட்டையிலும் ஒரே தையல்காரர் வைத்த பொத்தான்!

இறப்புச் சான்றிதழ் வாங்க இரண்டு தாய்மார்களும் நகராட்சிக்குப் போனார்கள். கலவரத்துக்குப் பயந்து அலுவலகத்தில் மதத்துக்கு ஒன்றாக இரண்டு வரிசை போட்டிருந்தார்கள். வாசலிலேயே ஒருவர் கேட்பார்: "நீங்க எந்தப் பக்கம்?" என் அம்மா தன் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை விட்டு விலகி, எதிர் வரிசையில், அந்தத் தாயின் பின்னால் போய் நின்றாள். கூடமே திகைத்துப்போனது. காவலர் ஓடிவந்தார்.

"அம்மா, உங்க வரிசை அது."

"தெரியும்பா. செத்துப்போன பிள்ளைக்கு எதுக்குப்பா ரெண்டு வரிசை?"

அவ்வளவுதான்! பெரிய மனிதர்கள் பேசிப் பேசி ஓய்ந்த இடத்தில், பெற்றவள் ஒருத்தி இடம் மாறி நின்றாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இடம் மாறினார்கள். அந்த வாரமே உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்தக் கூரையின் கீழ் ஒரே வரிசை. எவரும் எவரையும் எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. அதன் அடியில், எழுதத் தெரியாத அந்த இரண்டு தாய்மார்களின் கைநாட்டு. அதைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு, இந்த ஊரை நகராட்சியாக்கிய முதல் ஆணையின் பக்கத்தில் மாட்டினார்கள். அந்த ஆணிதான் ஐயா, இன்று காலியாக இருக்கும் ஆணி!

பிறகுதான் மறைநூல் பக்கம் வந்தது. எந்த மதத்தினுடையது? என் மதத்தினுடையது! அதன் வசனத்தைச் சொல்லாமல் நான் கடை திறப்பதில்லை. அழகான எழுத்து, அருமையான சட்டம். ஆனால் நடந்தது என்ன? வரிசையில் வருகிறவர்களில் எங்கள் ஆட்கள் அதன் முன்னே நின்று கண்மூடினார்கள். மற்றவர்கள், குறுக்கே நிற்க வேண்டாமே என்று மரியாதையாக மறுபுறம் ஒதுங்கினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. வரிசை தானாகவே இரண்டானது.

அந்தப் பக்கம் என்ன சத்தம்? "சாமி விஷயத்தை ஏன்க்கா கிளறுறீங்க?" என்கிறார் ஒரு தம்பி. தம்பி, கிளற வரவில்லை. கேட்டுவிட்டுப் போ.

சுவருக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். பெயிண்ட் கையோடு மறைநூலைத் தொட அவர்களுக்குப் பயம். பாவம், யார்தான் தொடுவார்? அதை அப்படியே விட்டுச் சுற்றிலும் அடித்தார்கள். உடன்படிக்கையைத் தொடப் பயமில்லை. அது வெறும் காகிதம்தானே? கழற்றி, இரண்டு டிரம்முக்கு நடுவே பலகை போலக் கிடத்தி, அதன் மேல் பெயிண்ட் டப்பாவை வைத்தார்கள்.

அன்று என் அண்ணனின் நினைவு நாள். ஆண்டுதோறும் அந்தக் கண்ணாடியைத் தொட்டுவிட்டு வருவது என் அம்மாவின் வழக்கம். போனாள். பார்த்தாள். கண்ணாடி விரிசல் விட்டு, பெயிண்ட் உள்ளே இறங்கி, அவள் கைநாட்டின் மேல் வட்டமாய் உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. நான் கத்தினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அவங்களைத் திட்டாதடி. பயந்ததைத் தொடல. பயமில்லாததைத் தொட்டாங்க. நாங்க யாரையும் பயமுறுத்தவா கைநாட்டு வெச்சோம்?"

அந்த உடன்படிக்கை இன்று நகராட்சிக் கிடங்கில் உடைந்த நாற்காலிகளோடு அடைந்து கிடக்கிறது. அதை மறுபடி மாட்டச் சொல்லி அலைந்தாள். அலைந்து அலைந்தே போய்ச் சேர்ந்தாள். தாங்க முடியவில்லை எனக்கு.

என் மதத்துப் பெரியவர்களே, உங்களைத்தான் கெஞ்சுகிறேன். வேறு எவரும் அந்த மறைநூலைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் அது காயமாகிவிடும். கைகழுவி நாமே எடுப்போம். நெஞ்சோடு அணைத்து நம் வழிபாட்டு இடத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே அதற்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த உடன்படிக்கைக்கு அந்தச் சுவரை விட்டால் வேறு வீடு ஏது?

முன்வரிசையில் யாரோ எழுந்திருக்கிறார்கள். அமைதி... அமைதியாய் இருங்கள். அந்த இன்னொரு கைநாட்டுக்காரத் தாய்! சொல்லுங்கம்மா. ஒலிபெருக்கி எட்டாது, நீங்கள் சொல்வதை நான் அப்படியே சொல்கிறேன். 

"எங்க மறைநூல் எங்க வீட்ல பத்திரமா இருக்கு. எம்புள்ளதான் தெருவுல பத்திரமா இல்ல. அந்த ஆணியில எங்களுக்குப் பங்கு வேணாம். அந்தக் காகிதத்தை மாட்டுங்க."

இன்னும் ஏதோ சொல்கிறார்கள்...

"அன்னிக்கு உங்கம்மா எம்பின்னால வந்து நின்னா. நாளைக்கு நீ முன்னால போ கண்ணு. நான் உம்பின்னால நிக்கிறேன்."

கேட்டீர்களா? நாளைக் காலை, நகராட்சி வாசல், ஒரே வரிசை. பொறுத்திருந்து கேட்ட உங்கள் அனைவருக்கும், என் தாயின் சார்பிலும் நன்றி. வருகிறேன், வணக்கம்.