கிலோ மூணு பேசினது

இல்லங்கய்யா, குடுக்க முடியாது. நீங்க உக்காந்து கோப்பி குடிங்க, ரேடியோ மேல மட்டும் கைய வெக்காதீங்க. மலாய்ல துவான்னுதான் கூப்பிடணும்னா கூப்பிடுறேன். ஆனா ஒங்களப் பத்தி, இன்ஸ்பெக்டர் துரைசிங்கம் தமிழாளு, ஐயான்னா கோவிச்சுக்க மாட்டாருன்னு எம்புருசன் சொல்லியிருக்காரு.

ஆமா, ஒங்களுக்குப் போன்ல வந்த புகாரு நெசந்தான், கேட்டேன். இந்த ரேடியோவுல போலீஸ் வயர்லெஸ் பேச்சத்தான் கேட்டேன். தெனமும் கேட்டேன். இதுல என்ன ஒளிவு மறைவு? உள்ளுக்க ஒரு கம்பிச்சுருள் இருக்கு, அதக் கொஞ்சம் நெகிழ்த்தி விட்டா பாட்டு வர்ற எடத்துல மாத்தா, அதான் போலீஸ்காரங்க, பேசுவாங்க. எந்தச் சீனங்கடையில நெகிழ்த்திக் குடுத்தான்னு கேக்காதீங்க. என்னைய உள்ள வெச்சாலும் சொல்ல மாட்டேன்.

எழுவத்தாறுல ஒங்க போலீஸ் பாலாய் வண்டிங்களுக்கு வயர்லெஸ் பூட்டுனாங்கல்ல, அந்தப் புதுசுல கேக்க ஆரம்பிச்சேன். அதுக்கு முன்ன இவரு வேலைக்குப் போனா, திரும்பி வந்தாத்தான் வந்தாரு. சுங்காய் தோட்டத்துலேர்ந்து கட்டிக்கிட்டு வந்தவ நான், ஈப்போவுல எனக்கு யாரத் தெரியும்? அது வந்தப்புறம் சோத்த எப்ப வடிக்கணும்னுகூட எனக்குத் தெரியும்லா. வயர்லெஸ்ல அவரு ஓட்டுற போலீஸ் வண்டிக்குப் பேரு கிலோ மூணு. புருசன் பேரச் சொல்லக் கூடாதுன்னு எங்காத்தா வளத்துச்சு, கிலோ மூணுன்னு சொல்லலாம்ல? நானும் எம்மக பாப்பாவும் வீட்டுல அவர அப்படித்தான் சொல்லுவோம். சிரிக்கிறீங்க பாத்தீங்களா. சிரிங்க.

வயர்லெஸ்ல மலாயும் இங்கிலீசும்தான் பேசணும், அது ஒங்க சட்டம். எம்புருசன் அத மீறுனதே இல்லங்கய்யா. ஒரு தடவ மைக்குல தும்முனதுக்கு மலாய்ல மன்னிப்புக் கேட்ட மனுசன். நானும் பாப்பாவும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

இன்னொன்னு ஒங்களுக்கே தெரியும். மழையடிச்சா இந்தக் கல்லுமலைங்களுக்கு நடுவுல வயர்லெஸ் கோளாறு பண்ணும். ஏதாவது ரேடியோ பாட்டு, செய்தி எல்லாம் குறுக்க வந்து விழும். பாலாய்ல மைக் முன்னால உக்காந்திருக்கவனுக்கு அது பழகிப் போச்சு. தமிழ்ச் சத்தம் வந்தா ரேடியோதான்னு அவனுக்கு ஒரு முடிவு.

அன்னிக்குச் சாயங்காலம் அப்படித்தான் மழ. ஈயம் தோண்டிப்போட்ட பழைய லம்பத்துக் குட்டைப் பக்கம் மண்ணு சரியுது, கரையோரம் குடிசைங்க இருக்கு, போயி ஆளுங்கள எழுப்பி விடுறேன்னு மலாய்ல சொன்னாரு. பாதியில அறுந்து போச்சு. கொஞ்ச நேரங்கழிச்சித் தமிழ்ல வந்துச்சு. கரை உள்வாங்குது, வண்டி எறங்குது, கதவு தெறக்க மாட்டேங்குது, ஆள அனுப்புங்கன்னு. திரும்பத் திரும்ப அதையே சொன்னாரு. உயிரு போற நேரத்துல எவனுக்கய்யா அடுத்தவன் பாசை வரும்? அதுக்குப் பாலாய்லேர்ந்து என்ன பதிலு தெரியுமா? எல்லா வண்டியும் கொஞ்சம் பேசாம இருங்க, தமிழ் ரேடியோ குறுக்க வருதுன்னு சொன்னான்.

நான் மழையோட மழையா கடைக்கு ஓடுனேன். அங்க போன எடுத்து பாலாய்க்குப் போட்டு, தமிழும் மலாயுமா என்ன வந்துச்சோ அதக் கத்துனேன். யாரோ பைத்தியக்காரின்னு வெச்சிட்டான். மறுநாள் காலையில வண்டியோட அவர பொணமா தூக்குனாங்க.

அதுக்கப்புறம் விசாரணை. யாருகிட்டயும் சொல்லாம கொள்ளாம லம்பத்துக்குப் போனாராம். வயர்லெஸ்ல வந்தது வெறும் இரைச்சலாம். குடிக்கப் போயிருப்பான்னு ஒருத்தன் சொல்ல, இப்ப பள்ளிக்கூடத்துல எம்மகள குடிகாரன் பொண்ணுன்னு கூப்பிடுறாங்க. நான் வந்து சொன்னேனே, இந்தக் காதால கேட்டேன்னு! பொம்பள வீட்டு ரேடியோவுல போலீஸ் பேச்சு வராதாம். புருசன எழந்தவ, மனசு கலங்கிப் பேசுறான்னு அனுப்பிட்டாங்க.

நீங்க நல்ல மனுசன், இல்லேங்கல. ரேடியோவக் குடுத்துடு, கேசு இல்லாம முடிச்சிடுறேன்ங்கிறீங்க. ஒங்க தமிழு யாழ்ப்பாணத்துத் தமிழு, எங்க தமிழு தோட்டத்துத் தமிழு. அந்த மைக் முன்னால ரெண்டும் இரைச்சல்தான், மறந்துடாதீங்க. நாளைக்கு ஒங்க வண்டி தண்ணியில எறங்குனா நீங்க என்ன பாசையில கத்துவீங்க?

கேசு போடுங்க. இந்த நவமணி அன்னிக்குச் சாயங்காலம் போலீஸ் பேச்ச ஒட்டுக்கேட்டான்னு எழுதுங்க. ரேடியோவ நானே கோர்ட்டுக்குத் தூக்கிட்டு வாரேன். நான் கேட்டது பாட்டு இல்ல, இரைச்சல் இல்ல, போலீஸ் பேச்சுதான்னு ஜட்ஜு முன்னால நீங்கதான் சொல்லியாவணும். நான் ஆமான்னு தலையாட்டுவேன். ஜெயிலுன்னா ஜெயிலு. எம்புருசன் சொல்லிட்டுத்தான் போனாரு, கூப்பிட்டுத்தான் செத்தாருன்னு ஆயிடும்ல?

என்னது? புகார் பண்ணவங்களப் பாத்து, நீங்களே திருப்பி வாங்கச் சொல்றேங்கிறீங்களா? பக்கத்து வீட்டு இருளாயி அக்காவப் போயி மெரட்டாதீங்க, அது பாவம், ஒண்ணும் தெரியாது. இந்த வீட்டுல ஒருத்தி போலீஸ் பேச்சக் கேக்குறா, வந்து புடிங்கன்னு ஒங்களுக்குப் போன் பண்ணது நாந்தான். சுத்தமான மலாய்லதான் சொன்னேன். இரைச்சல்னு வெச்சிடக் கூடாதுல்ல.