யுனிவர்சிட்டிக்குப் போன சீர்

ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பேருந்தில், முன் சீட்டில் இருந்த இளம்பெண் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"கன்னியாஸ்திரி சிஸ்டருங்க நடத்தற யுனிவர்சிட்டிக்குச் சீர் கொண்டு போனமுங்கக்கா."

"சீரா? அங்க யாருக்குக் கல்யாணம்?" என்றார் பக்கத்தில் இருந்த நடுவயதுப் பெண்.

"கல்யாணம் வேண்டாம்னுதானுங்க. தறி ஓட்டற பொம்பளைங்க சேர்ந்து வருசம் ஒரு புள்ளயப் படிக்க வெக்கறம். இந்தத் தடவ எங்க வீதிச் செல்வி. அவ அப்பன் மாப்பிள்ள பாத்துட்டிருந்தாரு. அதான் பீஸ் பணத்தத் தேங்கா, பழத்தோட தட்டுல வெச்சு, வீதியே பாக்க எடுத்துட்டுப் போனம். ஊரறியச் சீர் போன பொறவு அவரு என்ன சொல்லுவாரு?"

"சிஸ்டரு தட்ட வாங்குனாங்களா?"

"கிறிஸ்தவங்களாச்சே, தப்பா நெனச்சுக்குவாங்களோன்னு நாங்க பயந்துட்டுக் குங்குமத்த ஊட்லயே வெச்சுட்டுப் போயிட்டமுங்க. அவங்க எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்கிட்டு, குங்குமம் எங்கேன்னு கேட்டாங்க. வெறுந்தட்டாத் தரக்கூடாதுன்னு அவங்க தோட்டத்துக் கொய்யாவ வெச்சுத் திருப்பிக் குடுத்தாங்க."

மல்லூர் தாண்டியது.

"கொய்யாவ என்ன பண்ணுனீங்க?"

"வீதிப் புள்ளைங்களுக்கெல்லாம் நறுக்கிக் குடுத்தமுங்க. எம்புள்ள மூணாவதுதான் படிக்கறா. தின்னுட்டு, 'அந்தத் தட்ட யாருக்கும் குடுத்துறாத, எனக்கு வேணும்'ங்கறா."